பூட்டிக் கிடக்கும் மாடி வீடும் வாடகைச் சட்டமும்



சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பகுதிகளிலும், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு கடைவீதிகளிலும் நடந்து செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கீழே கடையில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் மாடி வீட்டின் ஜன்னல் சாத்தியே இருக்கும். உரிமையாளர் புறநகரில் புதுவீடு கட்டிக் குடிபோயிருப்பார். பழைய வீட்டுக்குப் பூட்டு. விசாரித்தால், "குடி வைக்கலாமுங்க, ஆனா நாளைக்கு வேணும்னா காலி பண்ணுவாங்களா? கோர்ட்டுக்கு யாரு அலையறது?" என்பார்.

சரக்கு ஆறு மாதம் தேங்கினால் நமக்குத் தூக்கம் வராது. வீடு பத்து ஆண்டு தேங்கினால் மட்டும் கவலைப்படுவதில்லை. மாதம் 6,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீடு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 72,000. பத்து ஆண்டில் 7,20,000 ரூபாய். இது நம் பக்கத்து நட்டம். ஊருக்கும் நட்டம் உண்டு. நம் கடையில் வேலை பார்க்கும் பையன் கடைக்குப் பக்கத்தில் வீடு கிடைக்காமல் தினமும் பஸ் ஏறி வருகிறான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. வீட்டுப் பஞ்சமும் பூட்டிய வீடும் ஒரே தெருவில் இருப்பது எப்படி? விடையில் ஒரு பகுதி வாடகைச் சட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

போர்க்காலத்தில் பிறந்த கட்டுப்பாடு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. பின்னர் 1946-லும் 1949-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்ததே 1960-ஆம் ஆண்டின் கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம்.

இருக்கின்ற வீடுகளைப் பயன்படுத்த அச்சட்டம் கண்ட வழி கட்டாயம். வீடு காலியானால் ஏழு நாளுக்குள் உரிமையாளர் அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசு அலுவலருக்கோ பொது நிறுவனத்துக்கோ தேவை என்றால் அரசே எடுத்துக்கொள்ளும். தேவையில்லை என்றால்தான் உரிமையாளர் விரும்பியவருக்கு விடலாம். குடியிருப்பு வீட்டைக் கடையாகவோ கிடங்காகவோ மாற்றவும் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். வாடகைதாரர் தக்க காரணமின்றித் தொடர்ந்து நான்கு மாதம் குடியிராமல் பூட்டி வைத்தால், அவரை வெளியேற்றவும் அது காரணமாயிற்று.

வாடகைக்கும் கணக்கு உண்டு. 1973 திருத்தத்துக்குப் பின், மனை மதிப்பையும் கட்டடச் செலவையும் அடிப்படையாக வைத்து, குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் என நியாய வாடகை நிர்ணயிக்கப்பட்டது.

பூட்டு ஏன் விழுந்தது?

நோக்கம் நல்லதே. கடைக்காரர்களாகிய நம்மில் பலர் அச்சட்டத்தின் நிழலில்தான் தொழில் நடத்தினோம் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் விளைவு வேறாயிற்று. ஒருமுறை உள்ளே வந்தவரை வெளியேற்ற, சட்டம் சொன்ன காரணங்களுள் ஒன்றை வழக்காடி மெய்ப்பிக்க வேண்டும். மேல்முறையீடு, சீராய்வு என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். வாடகை பழைய மட்டத்திலேயே நின்றுவிட, சுண்ணாம்பு அடிக்கக்கூட அது போதாது. ஆகவே வீட்டுக்காரர், விடுவதைவிடப் பூட்டுவதே பத்திரம் என்று கணக்குப் போட்டார். இல்லாவிட்டால் வாய்மொழியாகவோ, பெரிய முன்பணம் வாங்கியோ, 11 மாத ஒப்பந்தம் எழுதியோ விட்டார்.

11 மாதத்துக்கும் காரணம் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். அதைத் தவிர்க்கவே ஒரு மாதம் குறைத்து எழுதும் பழக்கம் வந்தது.

மாற்றமும் எளிதில் வரவில்லை. 1992-இல் மத்திய அரசு மாதிரிச் சட்டம் ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. 1995-இல் டில்லிக்கென நாடாளுமன்றம் நிறைவேற்றிய வாடகைச் சட்டம், அங்குள்ள வாடகைதாரர்களான வணிகர்களின் கடும் எதிர்ப்பால் நடைமுறைக்கே வரவில்லை. அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது: முப்பது ஆண்டு ஓர் இடத்தில் கடை நடத்திச் சேர்த்த வாடிக்கையை, இடம் மாறும்போது கையோடு எடுத்துச் செல்ல முடியாது.

2017-ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழ்நாட்டில் 1960 சட்டத்தை நீக்கி, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22-2-2019 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறங்களில் வீட்டுக்கும் கடைக்கும் இது பொருந்தும். அரசு மற்றும் உள்ளாட்சி அமைப்புகளின் கட்டடங்களுக்குப் பொருந்தாது. எனவே மாநகராட்சிக் கடை வைத்திருப்பவர்கள் இதை நம்பியிருக்க வேண்டாம். இதன் சாரம் வருமாறு:

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவெண் பெற வேண்டும்.

2. வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு உயரும் என்பதை இரு தரப்பும் பேசி முடிக்கலாம். பேசியதற்கு மேல் இடையில் உயர்த்த முடியாது.

3. வேறு உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது.

4. தகராறு இருந்தாலும் உரிமையாளர் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது.

5. இரண்டு மாத வாடகை பாக்கி, எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகை விடுதல், இடத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை வெளியேற்றக் காரணங்கள். எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளாததும் ஒரு காரணம்.

6. வழக்குகளை வாடகை நீதிமன்றமும், மேல்முறையீட்டைத் தீர்ப்பாயமும் விசாரிக்கின்றன.

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டமும் ஏறத்தாழ இதே போக்கில் அமைந்தது. பூட்டிய வீடுகளை வாடகைச் சந்தைக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம் என்று அப்போது கூறப்பட்டது.

பிற நாடுகளில் வேறு வழிகளும் உண்டு. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், நெடுநாள் காலியாகக் கிடக்கும் வீட்டின் நிர்வாகத்தை உள்ளாட்சி மன்றமே ஏற்று வாடகைக்கு விட வழி செய்தது. கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீட்டுக்குத் தனி வரி விதித்தது. தொடக்கத்தில் அது வீட்டு மதிப்பில் 1 சதவீதம். அங்கே பூட்டி வைத்திருப்பதற்கே விலை கொடுக்க வேண்டும். நம் மாநிலம் எடுத்த வழி, உரிமையாளரின் அச்சத்தைப் போக்குவது. ஆனால் அச்சத்தைச் சட்டம் தானாகப் போக்கிவிடாது. எழுதிப் பதிவு செய்தவருக்கே அது துணை நிற்கும்.

நாம் செய்ய வேண்டியவை

நம்மில் பலர் ஒரே நேரத்தில் மாடிக்கு வீட்டுக்காரர், கடைக்கு வாடகைதாரர். ஆகவே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரராக: முதலில் வீட்டைப் பழுது பார்த்து, குடும்பம் குடியிருக்கத் தக்கதாக ஆக்குங்கள். ஒப்பந்தத்தில் காலம், வாடகை, உயர்வு, பழுது பார்க்கும் பொறுப்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பதிவெண் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். குடியிருக்க என்று விட்டால் அப்படியே எழுதுங்கள். பிறகு அங்கே மூட்டை அடுக்கினால் கேட்க உரிமை இருக்கும். நம் பக்கத்தில் போக்கியத்துக்கு விடும் வழக்கம் அதிகம். வீட்டை ஈடாக வைத்துப் பணம் வாங்குவது அடமானம். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானத்தைப் பதிவுப் பத்திரமாகவே எழுத வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். லட்சக்கணக்கான ரூபாயை வெறும் முத்திரைத்தாளில் முடிப்பது இரு தரப்புக்கும் ஆபத்து.

கடை வாடகைதாரராக: பழைய சட்டத்தின் பாதுகாப்பு இனி இல்லை. "அப்பா காலத்திலிருந்து இருக்கிறோம், எழுத்து எதற்கு?" என்று இருப்பவரே இன்று அதிக ஆபத்தில் இருக்கிறார். 11 மாதத்துக்குச் சம்மதிக்காமல், போட்ட முதலைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு ஐந்து ஆண்டோ ஒன்பது ஆண்டோ கேளுங்கள். உயர்வு விகிதத்தையும், காலம் முடிந்தபின் புதுப்பிக்கும் முறையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்டதைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியுங்கள். வாடகையை வங்கி வழியாகச் செலுத்துங்கள். ரொக்கமானால் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

வீட்டுக்காரராக இருக்கும்போது கண்டிப்பும், வாடகைதாரராக இருக்கும்போது கருணையும் எதிர்பார்ப்பது மனித இயல்பு. நம் கடை உரிமையாளரிடம் எந்த ஒப்பந்தத்தைக் கேட்கிறோமோ, அதையே நம் மாடியில் குடிவருபவருக்கும் கொடுத்தால் அது நியாயமான ஒப்பந்தம்.

இந்த மாதம் ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டு காரியம் செய்யலாம். கடையின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, அதில் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாடி வீட்டுச் சாவியைத் தேடி எடுத்து, ஜன்னலைத் திறந்து பாருங்கள்.