பாலன் வரும் முன்னே

டிசம்பர் பிறந்ததும் துணிமணிக்கும் பலகாரத்துக்கும் கணக்குப் போடுகிற இல்லங்களில், அதற்கு முன்பாக ஒரு காரியத்தை நிச்சயித்துக்கொள்வது நலம்: லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் இருப்பதால், முதல் தேதி தொடங்கி இரவு ஜெபத்தில் நாளுக்கொன்றாக வாசித்துவந்தால், பண்டிகைக்கு முந்தின இரவில் அது பூர்த்தியாகிவிடும். பிறப்பின் வரலாறு இரண்டாம் அதிகாரத்திலேயே முடிந்துவிடுகிறதே என்று தயங்கவேண்டாம். பாலன் எதற்காக வந்தார் என்பது மற்றவற்றில்தான் விளங்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் இரண்டு வசனமாவது கொடுத்து, அது தடுமாறுகையில் அவசரப்பட்டுத் திருத்தாமல் காத்திருங்கள்.

1223-ஆம் வருஷம் இத்தாலியில் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் முனிவர் வைக்கோல் பரப்பிய முன்னணையும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேம் காட்சியை அமைத்தது, இரட்சகர் பிறந்த ஏழ்மையை ஜனங்கள் கண்ணாரக் காணவேண்டும் என்பதற்காகவே. ஆகையால் வீட்டுக் குடிலில் மின்விளக்குகளைக் குறைத்து, முன்னணையை வெறுமையாக விட்டுவைத்து, பிள்ளைகள் பிறருக்கு உதவிய நாளிலெல்லாம் ஒரு வைக்கோல் துரும்பை அதில் இடச் சொல்லி, நள்ளிரவு ஆராதனை முடிந்து திரும்பியதும் வீட்டின் கடைக்குட்டி கையால் பாலனின் உருவத்தை அதன்மேல் கிடத்துங்கள்.

அச்சு முறுக்கு சுடும் நாளில், முதல் தட்டு தனித்திருக்கும் ஒரு முதியவர் வீட்டுக்குப் போகட்டும். பிள்ளைகளே கொண்டுபோய், சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும்.