துவாஸ் பாலம் ஏறும் முன்...

சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்குக் காரில் கிளம்புவோர் முதலில் பெட்ரோல் முள்ளைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ப் பதிவு எண் கொண்ட கார் என்றால் டேங்க் முக்கால் பங்காவது நிறைந்திருப்பது கட்டாயம். குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம். வண்டியைத் திருப்பியும் அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது, மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி. 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். கிளம்பும் நாள்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

மலேசியச் சாலைக் கட்டணங்களைச் செலுத்த உதவும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும்.

1998-ல் திறக்கப்பட்ட துவாஸ் பாலத்தில், உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைவிடப் பொதுவாக நெரிசல் குறைவு. சுங்கக் கட்டணம்தான் கூடுதல். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் அந்தக் காசைப் பார்க்க வேண்டாம்.

மலேசியாவில் மலிவான ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளில் நிரப்பத் தடை உண்டு. அவற்றுக்கு ரான் 97 போன்ற உயர்ரகப் பெட்ரோல்தான்.