தாய்மொழி வழியே ஆங்கில இலக்கணம்

மும்பையின் கிழக்குக் கரையிலுள்ள டிராம்பே, அணுசக்தி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடமாகும். 1954-ஆம் ஆண்டில் இங்கு அணுசக்தி நிலையம் நிறுவப்பட்டது. 1956-இல் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. இதே டிராம்பேயில், 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப்பும் உள்ளது. அம்மக்களுள் தமிழர் கணிசமானோர். இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மேற்படிப்புக்கும் வேலைக்குமான வாயிலாகும். விண்ணப்பப் படிவத்தைப் பிழையின்றி நிரப்ப இயலாமையால் வாய்ப்பை இழக்கும் நிலை அவர்களுக்கு நேரக்கூடாது.

மகாராஷ்டிரத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது. எனினும், நடுநிலை வகுப்புகளில்தான் இலக்கணம் முறையாக வேரூன்ற வேண்டும். அதற்கு மாணவர் அறிந்த தமிழே சிறந்த துணையாகும்.

சொல்லின் இடம்

'முருகன் பழம் தின்றான்' என்பதில் வினை இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ வினை எழுவாயை அடுத்து வரும். செயப்படுபொருள் அதன் பின்னர் அமையும். தமிழில் வேற்றுமை உருபு இருப்பதால், 'பழத்தை முருகன் தின்றான்' என மாற்றினாலும் பொருள் மாறாது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு இவ்வுருபு இல்லை. எனவே இடம் மாறினால் பொருளே மாறிவிடும். 'பள்ளிக்கு' என்பதில் பெயருக்குப் பின் வரும் 'கு', ஆங்கிலத்தில் 'டு ஸ்கூல்' என முன்னே வருகிறது.

ஒரு, ஓர்

'ஒரு மரம்', 'ஓர் ஊர்' என்னும் வேறுபாட்டை அறிந்த மாணவருக்கு 'எ', 'ஆன்' ஆகியவை கடினமல்ல. மெய்யொலிக்கு முன் 'எ', உயிரொலிக்கு முன் 'ஆன்'. இங்கு எழுத்தையன்றி ஒலியையே கொள்ள வேண்டும். 'யூனிவர்சிட்டி' என்னும் சொல் ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினும், ஒலி யகரமாதலின் 'எ' பெறும். ஆனால் 'தி' என்பதற்கு நேரான தனிச்சொல் தமிழில் இல்லை. அதனைப் பயிற்சியால்தான் பெற வேண்டும்.

நிறுத்தக் குறிகள்

ஓலைச்சுவடிகளில் நிறுத்தக் குறிகள் இல்லை. அச்சுக் காலத்தில்தான் அவை தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. தமிழில் இடைச்சொற்களே அப்பணியின் பெரும்பகுதியைச் செய்கின்றன. 'அரிசியும் பருப்பும் உப்பும்' என்பதில் 'உம்' செய்வதை, ஆங்கிலத்தில் காற்புள்ளியும் 'அண்ட்' என்னும் சொல்லும் செய்கின்றன. 'வருகிறேன் என்றான்' என்பதில் பிறர் கூற்று முடியுமிடத்தை 'என்றான்' காட்டுகிறது. ஆங்கிலத்தில் மேற்கோள் குறியே அதனைக் காட்ட வேண்டும். 'மாணவனுடைய', 'மாணவர்களுடைய' என்னும் வேறுபாடு, எழுத்தில் 'ஸ்' ஒலிக்கு முன்னோ பின்னோ இடப்படும் ஒரு சிறு குறியால் விளங்குகிறது.

தமிழில் பெரிய எழுத்து என ஒன்றில்லை. ஆகவே வாக்கியத் தொடக்கம், ஆட்பெயர், ஊர்ப்பெயர், கிழமை, மாதம், 'நான்' எனப் பொருள்படும் 'ஐ' ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்பதைத் தனியே கற்பித்தல் இன்றியமையாதது. படிவங்களில் மிகுதியும் எழுத வேண்டியவை இவையே.

செய்ய வேண்டுவன

தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு வழிகாட்டுகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தாய்மொழி வழிக் கல்வியை வலியுறுத்துகிறது. இவை ஆங்கிலத்துக்கு எதிரானவை அல்ல. இரு மொழிகளின் அமைப்பையும் ஒப்பிட்டுக் காட்டும் எளிய பயிற்சி நூல்களும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஆசிரியர்களும் கிடைப்பின், தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளும் ஆங்கிலத்தை அச்சமின்றிக் கற்பர். மனப்பாடம் தேர்வு வரை உதவும். காரணம் அறிந்து கற்ற இலக்கணமோ வாழ்நாள் முழுதும் உதவும்.