தை மாதத் துகள்பனியும் லயத்து மரக்கறித் தோட்டமும்



மன்னார் மாவட்டத்தில் நானாட்டான் பக்கம் நறுவிலிக்குளம் என்று ஓர் ஊர். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலைநாட்டுக் குடும்பங்கள் பல வடக்கே போய்க் குடியேறியதால், நம் லயங்களில் பலருக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. நமது மேல் டிவிசனில் ஒரு வீட்டாருக்கு நறுவிலிக்குளத்தில் நாத்தனார். மார்கழி லீவுக்கு வந்தவர் கத்தரி நாற்றும் பயற்றை விதையும் கொண்டு வந்தார். "அண்ணி, எங்க ஊர்ல இப்பத்தான் தோட்டம் செய்யிற நேரம், நட்டுப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பும், மண்ணில் ஈரம் நிற்கும். ஆனால் நாம் இருப்பது 6,000 அடிக்கு மேலே, நுவரெலியாப் பக்கம். லயத்துக்குப் பின்னால் கான் ஓரப் பள்ளத்தில் நட்டார்கள். தை மாதம் ஒரு விடியலில் பார்த்தால், வெந்நீர் ஊற்றினாற்போல அத்தனையும் கறுத்துத் துவண்டு கிடந்தது. "யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்றார் பாட்டி. கண்ணும் இல்லை, பூச்சியும் இல்லை. துகள்பனி.

டிவியில் காட்டும் வெள்ளைப் பனிமழை நமக்கு இல்லை. நமக்கு வருவது தரையில் உறைகிற பனி. பகலில் நல்ல வெயில், இரவில் மேகமும் காற்றும் இல்லாவிட்டால், மண்ணில் உள்ள சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் உள்ள செடி தப்பும், கான் ஓரச் செடி கருகும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து இலையைச் சிதைத்து விடுகிறது.

ஆகவே மார்கழி முதல் மாசி வரை பள்ளத்தில் கோவா, லீக்ஸ், கரட், பீட்ரூட் போடுங்கள். இவை ஓரளவு தாங்கும். போஞ்சி, உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் தாங்காது. வைத்தே ஆக வேண்டுமென்றால் மேட்டில், லயத்துச் சுவரோரம் வையுங்கள். பகலில் வெயில் பட்ட சுவர் ராத்திரியில் கொஞ்சம் சூடு கொடுக்கும்.

அந்தியில் வானம் துப்புரவாக, காற்று அசையாமல் இருந்தால் அன்றைக்கு மூட வேண்டும். நாலு கம்பு நட்டு, மேலே சாக்கையோ மானாப்புல்லையோ தரைவரை போடுங்கள். இலையில் முட்டக்கூடாது. பொலித்தீன் முட்டினால் அந்த இலை போச்சு. அன்று மத்தியானமே பாத்திக்குத் தண்ணீர் விட்டிருந்தால் ஈரமண் சூட்டைப் பிடித்து வைக்கும். விடிந்ததும் மூடியதை எடுத்துவிட வேண்டும். மூடாமல் விட்ட செடியில் பனி பிடித்திருந்தால், வெயில் படுமுன் பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். கருகிய இலையை உடனே கிள்ள வேண்டாம். அடியில் துளிர் வருகிறதா என்று சில நாள் பார்க்கலாம்.

இதை யார் செய்வது? கொழுந்து நிறுத்து வீடு வரும் அம்மாவுக்கு அடுப்பு, பிள்ளை, தண்ணீர் என்று அதற்கே நேரம் போதாது. ஆறு மணிக்குள் சாக்குப் போடுவதைப் பெரிய பிள்ளைகளும், விடியலில் எடுப்பதை பிரட்டுக்குப் போகுமுன் அப்பாவும் செய்யலாம். அப்பாமார் கோபிக்க வேண்டாம், இரண்டு நிமிட வேலைதான். பனியில் தேயிலைக் கொழுந்தும் கருகி, வேலை நாள் குறைகிற மாதங்கள் இவை. கடைக் கொப்பியில் மரக்கறிக் கடன் ஏறுவதும் அப்போதுதான்.

இன்னொன்று. குளிருக்காகக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். கைக்குழந்தை உள்ள வீடுகள் இதை முக்கியமாகக் கவனிக்கவும்.

அந்த வீட்டில் பயற்றை விதை பாதி மிச்சம் இருக்கிறது. டப்பாவில் சாம்பல் கலந்து அடுப்படித் தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். சித்திரை மழை விழுந்ததும், இந்த முறை மேட்டில் போடுவார்கள்.