சாட்சியைக் கெடுக்கும் பயம்

வேத பகுதி: யோவான் 9:18-23, கலாத்தியர் 2:11-14, மாற்கு 5:25-34



வேதத்தில் இரண்டு பயம் உண்டு. ஒன்று தேவபயம், அது பாவத்துக்கு விலக்கிக் காக்கும். மற்றொன்று மனுஷ பயம். அது பொய்க்குள் தள்ளும். நீதிமொழிகள் 29:25 இதைக் கண்ணிக்கு ஒப்பிடுகிறது. கால் மாட்டின பிறகுதானே கண்ணி தெரியும்! சபைக்குள்ளேயும் அந்தக் கண்ணி உண்டு.

1. பயம் வாயை அடைக்கும்

பிறவிக்குருடன் சீலோவாம் குளத்தில் கழுவிப் பார்வையடைந்தான். யூதர்கள் அவன் தாய்தகப்பனை அழைத்து விசாரித்தார்கள். மகன்தான் என்று ஒத்துக்கொண்டவர்கள், எப்படிப் பார்வை வந்தது என்றதும், "அவனையே கேளுங்க" என்று நழுவினார்கள். ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்களே என்ற பயம். பெற்ற பிள்ளைக்குக் கண் திறந்த நாளில் பெற்றவர்கள் வாய் திறக்கவில்லை!

2. பயம் மற்றவர்களையும் இழுக்கும்

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடே சாப்பிட்டுவந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூதரும், பர்னபாவும்கூட அந்த மாயத்தில் இழுப்புண்டார்கள். இவர் யார்? பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் எழும்பிப் பிரசங்கித்த அதே பேதுரு. அபிஷேகம் பெற்றவருக்கும் மனுஷ பயம் வரலாம், ஜாக்கிரதை!

3. நம்முடைய கூட்டங்களில்

உபவாச ஜெபத்தில், "சுகமானவங்க கையைத் தூக்குங்க" என்கிறோம். சுகம் தெரியாத சகோதரியும் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குகிறார். "விசுவாசம் இல்லன்னு சொல்லிடுவாங்களோ" என்ற பயம்தான். பிறகு சர்க்கரை மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. சிலர், "சாட்சி சொல்லிட்டோமே" என்று மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். இன்சுலினை நம்பியிருக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. அது விசுவாசம் அல்ல. விசுவாசத்தின் வேஷம் போட்ட பயம்.

கர்த்தர் சுகமாக்குகிறார்; அதை முழு இருதயத்தோடும் விசுவாசிக்கிறேன். ஆனால் எபேசுவில் தன் உறுமால்களாலும் வியாதிகள் நீங்கக் கண்ட பவுல், துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததை மறைக்காமல் எழுதினார் (2 தீமோத்தேயு 4:20). எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் வாக்குப்பண்ணப்பட்டிருந்தும், ஏசாயா பிளவையின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார் (ஏசாயா 38:21). பற்றுப் போட்டதை ராஜாவும் மறைக்கவில்லை, வேதமும் மறைக்கவில்லை.

4. உண்மையைச் சொன்னவளுக்கு என்ன கிடைத்தது?

12 வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்தில் மறைந்து வந்து தொட்டாள். ஆண்டவர் கேட்டபோது நடுங்கினாள். நடுங்கினாலும் உள்ளதெல்லாம் சொல்லிவிட்டாள். ஆண்டவர் கடிந்துகொண்டாரா? இல்லை, "மகளே" என்று அழைத்தார்! மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன் தன் அவிசுவாசத்தையும் சேர்த்தே கண்ணீரோடு அறிக்கையிட்டான். அவன் பிள்ளைக்கும் விடுதலை கிடைத்தது. ஆகவே, குறையை ஒத்துக்கொள்கிற ஜெபத்தைக் கர்த்தர் தள்ளுகிறதில்லை.

பிரியமானவர்களே, சுகம் கிடைத்தால் தைரியமாய்ச் சாட்சி சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால், "இன்னும் வலிக்குது பாஸ்டர்" என்று சொல்லுங்கள். மறுபடியும் கைவைத்து ஜெபிப்பேன். ஒரு வார்த்தையும் குறை சொல்லமாட்டேன். சுகமான குஷ்டரோகியையும் ஆண்டவர் ஆசாரியனுக்குத் தன்னைக் காண்பிக்க அனுப்பினாரே (மாற்கு 1:44). நாமும் டாக்டரிடம் காட்டி, அவர் சோதித்துச் சொன்ன பிறகே மருந்தை நிறுத்துவோம். விசுவாசிகளே, வியாதியோடு வருகிற ஒருவரை, "ஏன் இன்னும் சுகமாகல?" என்று துருவாதிருங்கள். அந்தக் கேள்விதான் பலரைப் பொய் சொல்ல வைக்கிறது.

மனுஷருக்கு அஞ்சாத, உண்மையுள்ள நாவைக் கர்த்தர் நம் எல்லாருக்கும் தருவாராக. ஆமென்.