சுழலும் தட்டில் தெளிவான படம்



திருமணப் படங்களும் பாடற்குழுவின் இசையும் அடங்கிய குறுந்தட்டுகள் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் உள்ளன. பத்துத் தட்டுகளை அடுக்கி வைத்தால் எல்லாம் ஒன்றுபோலவே பளபளக்கும். எதில் எது உள்ளது என்று நமக்குச் சொல்வது மேற்புறத்தில் உள்ள எழுத்தும் படமுமே. அவை தெளிவாக இல்லாவிட்டால் தட்டு ஊமையாகிவிடும். தட்டு சுழலும்போதே அதன்மேல் படம் பதிக்கும் முறை ஒன்று உண்டு. அதில் படம் நன்றாக விழ என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

சுழற்றுவது ஏன்?

காகிதத்தில் அச்சிடும்போது அச்சுமுனை இடமும் வலமும் ஓடுகிறது. காகிதம் மெல்ல நகர்கிறது. தட்டைச் சுழலவிட்டாலோ, அச்சுமுனை மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்தால் போதும். மற்ற வேலையைச் சுழற்சியே செய்துவிடும். 2002ஆம் ஆண்டில் யாமஹா நிறுவனம், தட்டின் பதிவுப் பக்கத்தில் எஞ்சியிருக்கும் வெற்றிடத்தில் லேசர் ஒளியால் படம் வரையும் சி.டி. டிரைவ் ஒன்றை வெளியிட்டது. 2004இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் ‘லைட்ஸ்கிரைப்’ என்னும் முறையை அறிவித்தது. பாடலைப் பதித்த பின் தட்டைத் திருப்பிப் போட்டால், அதே லேசர் மேற்புறத்தில் உள்ள சிறப்புப் பூச்சைக் கருமையாக்கிப் படம் வரையும். மையே தேவையில்லை. மைத்துளி தெளித்து அச்சிடும் முறையையும் சுழலும் தட்டுக்குப் பயன்படுத்தலாம்.

முதற் குறை: விளிம்பு வெளிறுதல்

விளையாட்டு விழா அணிவகுப்பில் வரிசை திரும்பும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். உள்முனையில் இருப்பவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறாள். வெளிமுனையில் இருப்பவள் நீண்ட அடி வைக்க வேண்டும். தட்டிலும் இப்படியே.

குறுந்தட்டின் விட்டம் 120 மி.மீ. மையத்திலிருந்து 25 மி.மீ. தொலைவில் உள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 157 மி.மீ.; 58 மி.மீ. தொலைவில் 364 மி.மீ. ஒரு சுற்றுக்கு 3600 புள்ளிகள் வைப்பதாகக் கொள்வோம். உள்வட்டத்தில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 0.04 மி.மீ.; வெளிவட்டத்தில் 0.10 மி.மீ. ஆகவே உள்ளே மை திட்டாகத் திரள, வெளியே படம் வெளிறுகிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வெளியே செல்லச் செல்லத் தட்டின் வேகத்தைக் குறைத்தல். இரண்டு, வேகத்தை மாற்றாமல் வெளிவட்டத்தில் மிகுதியான புள்ளிகள் வைத்தல். மேற்கண்ட கணக்கின்படி ஏறத்தாழ 8350 புள்ளிகள் வேண்டும். மூன்று, அச்சுமுனை அவ்வளவு விரைவாக இயங்காவிட்டால், வெளிவட்டத்தை இரண்டு மூன்று முறை சுற்றவிட்டு, முன் வைத்த புள்ளிகளின் இடைவெளிகளில் புதிய புள்ளிகளை நிரப்புதல்.

இரண்டாம் குறை: கோடு சாய்தல்

முதல் வழி எளிதாகத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்துள்ளது. மைத்துளி தட்டைச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 1 மி.மீ. தொலைவைக் கடக்க 0.0002 நொடி ஆகும். அதற்குள் தட்டு சற்றுத் திரும்பிவிடும்.

தட்டு எப்போதும் நொடிக்கு 2 சுற்று சுற்றினால், எல்லா வட்டங்களும் ஒரே அளவாக 0.144 பாகை திரும்பும். முழுப் படமும் சேர்ந்தே திரும்புவதால் கண்ணுக்குக் குறை தெரியாது. வெளிவட்டத்தில் வேகத்தை 0.86 சுற்றாகக் குறைத்தாலோ, அங்கே தட்டு 0.062 பாகை மட்டுமே திரும்பும். உள்ளிருந்து வெளியே நேராகச் செல்ல வேண்டிய கோடு, விளிம்பில் ஏறத்தாழ 0.08 மி.மீ. விலகிவிடும். அது இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்குச் சமம். ஆகவே வேகத்தை மாற்றுவோர், துளி பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டு அந்த அளவு முன்னதாகவே துளியை விட வேண்டும். ஒரு குறையைத் தீர்க்கும் மருந்து மற்றொரு குறையைத் தரலாம் என்பதை இதில் கற்கிறோம். லேசர் ஒளிக்கு இத்தாமதம் பொருட்டன்று.

மூன்றாம் குறை: இடம் தவறுதல்

அச்சுமுனை செல்லும் பாதை சுழற்சி மையத்தின் வழியே அமைய வேண்டும். அப்பாதை 1 மி.மீ. விலகினால், உள்வட்டத்தில் படம் 2.3 பாகையும் வெளிவட்டத்தில் 1 பாகையும் திரும்பிக் கோடுகள் வளைந்துவிடும். தட்டு எவ்வளவு திரும்பியுள்ளது என்பதும் ஒவ்வொரு கணமும் தெரிய வேண்டும். இதற்காகவே லைட்ஸ்கிரைப் தட்டுகளின் நடுத்துளையைச் சுற்றி அடையாளக் குறிகள் இடப்பட்டிருந்தன. அவற்றின் உதவியால் அதே படத்தை இரண்டாம் முறை சரியாக அதே இடத்தில் வரைந்து கருமையைக் கூட்ட முடிந்தது.

செய்து பாருங்கள்

கேக் அலங்கரிக்கும் சுழல் மேசைமீது வட்டக் காகிதம் ஒன்றை ஒட்டுங்கள். ஒருத்தி சீராகச் சுழற்றட்டும். மற்றொருத்தி தாளம் தவறாமல் சொட்டுக்குழாயால் வண்ணநீர் விடட்டும். முதலில் மையத்திலிருந்து 3 செ.மீ. தொலைவிலும், பிறகு 9 செ.மீ. தொலைவிலும் விடுங்கள். வெளிச்சொட்டுகளின் இடைவெளி மும்மடங்கு இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். லைட்ஸ்கிரைப் முறை இன்று வழக்கொழிந்துவிட்டது. அவ்வாறு வரைந்த படங்கள் ஒளி படப்பட மங்கும். அத்தகைய தட்டுகள் வீட்டில் இருந்தால் வெயில் படாமல் வைத்து, உள்ளிருப்பது இன்னதென்று உறையிலும் எழுதி வையுங்கள்.

எல்லா வட்டங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி வைப்பது நீதிபோலத் தோன்றுகிறது. ஆயினும் அதனால் விளிம்பு வெளிறிப் போகிறது. நீண்ட தூரம் ஓட வேண்டிய வட்டத்திற்கு மிகுதியாகக் கொடுத்தால்தான் படம் முழுமை பெறும். வகுப்பிலும் ஊரிலும் விளிம்பில் நிற்போரை நினைக்கும்போது, தோழியரே, இந்தக் கணக்கையும் மறவாதிருப்போம்.