பூவாடைக்காரிக்கு ஓர் இலை

கீழ்க்கட்டளையில் ரேடியல் ரோடு வருவதற்கு முன்னால், எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்குப் போகிற வழியில் வேப்பமரத்தடியில் ஏழு செங்கல் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த செங்கல். அதைத் தாண்டிப் புதர் ஓரம் போனால் அத்தை கையைப் பிடித்து இழுப்பார். "அது நம்மளுது இல்லடி. கும்பிட்டுட்டு வா. கூட்டிட்டு வராத." ஆவிகளோடு புழங்குவது பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

இப்போது மரமும் இல்லை, புதரும் இல்லை. ஆனால் கல்யாணம் வைத்த வீடுகளில் கேள்வி மட்டும் வருகிறது. "பூவாடைக்குப் படைக்கணும்னு ஊர்ல சொல்றாங்க. ஃபிளாட்டுல எப்படிங்க செய்யறது?" செய்யலாம். அதற்கு முன் யார் யார் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்குப்படி மூன்று வகை. வீட்டோடு இருக்கிறவர்களை அழைக்க வேண்டும். எல்லையில் இருக்கிறவர்களை அவர்கள் இடத்துக்குப் போய்க் கும்பிட வேண்டும். அலைகிறவர்களுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். அதைக் கழிப்பு என்பார்கள். அனுப்ப வேண்டியதை அழைத்துவிட்டு, அழைக்க வேண்டியவளை மறந்துவிடுவதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

பூவாடைக்காரி முதல் வகை. பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த சுமங்கலி, அல்லது கல்யாணம் ஆகாமல் போன பெண். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ஆற்காட்டுப் பக்கங்களில் இந்தப் பெயர். தெற்கே கன்னித்தெய்வம் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குத்தான் முதல் இலை. இசபெல் நபகோவ் என்ற மானுடவியலாளர் 1990களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டில் தங்கி, பேய் ஓட்டுவதையும் பூவாடை அழைப்பதையும் கூடவே இருந்து பார்த்து 2000-இல் புத்தகமாக எழுதினார். ஒன்றில் இறந்தவரைத் துரத்துகிறோம், இன்னொன்றில் வா என்று கெஞ்சுகிறோம். அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இதுக்கு அவ்ளோ தூரத்துலருந்து வரணுமா?" என்றார்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை போன் போடுவது. இரண்டு தலைமுறைக்கு மேலே இருக்கும் பெரியம்மா, அத்தை, சித்தப்பா எல்லோரையும் கேளுங்கள். யார் சின்ன வயதில் போனது? பூவோடு போனாளா? அவளுக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது? நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் படையல் வாங்குகிறவர் சின்னப் பாட்டி. கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். மூச்சிரைப்புக்காரர் என்பதால் சாம்பிராணி கொஞ்சமாகத்தான் போடுவோம். அலுப்பாகத் தெரிந்தாலும் இந்தக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாதவளை அழைத்தால் யார் வருவார்?

அடுத்து சம்மதம். பூ கட்டிப் பார்ப்பதுதான் எளிய வழி. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி பொட்டலமாக மடித்து விளக்கு முன்னால் வையுங்கள். எது வந்தால் சரி என்பதை முன்கூட்டியே மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். எடுத்த பிறகு மாற்றக் கூடாது. விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். மாறி வந்தால் தள்ளிப்போடுங்கள். மூன்று தரம் மாறி வந்தும் நான்காவது தரம் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கேட்பதல்ல, அடம்.

நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். கல்யாணம் என்றால் பந்தக்காலுக்கு முந்தைய வெள்ளி. வருடாந்தரப் படையல் என்றால் ஆடி வெள்ளி. மண்பானை, முறம், தாம்பாளத்துக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகலாம். ஆனால் படையல் அன்றே போனால் வெயிலில் காய்ந்து வருவீர்கள், முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். வாங்க வேண்டியவை: புதுப் புடவை, அதற்கு ஜாக்கெட் பிட், கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், சீப்பு, சின்னக் கண்ணாடி, நிறைய பூ. கல்யாணம் ஆகாமல் போனவள் என்றால் பாவாடை தாவணி. கருப்பு வேண்டாம்.

அழைப்பு நீர்நிலையில் தொடங்கும். பழைய நாளில் கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ பம்பைக்காரரோடு போவார்கள். அவர் பம்பை அடித்து, உடுக்கை தட்டி, செத்தவள் பெயரைச் சொல்லி வர்ணித்துக் கூப்பிடுவார். யாராவது ஒருவருக்கு அருள் வரும், அழுகையும் வரும். சொம்பிலோ பானையிலோ நீர் மொண்டு, வேப்பிலை செருகி, பூச்சுற்றி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இன்று ஏரித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு நடுவீட்டில் வைக்க எனக்கு மனம் வராது. நாங்கள் மொட்டைமாடிக் குழாயடியில் மூன்று கை மஞ்சள் தண்ணீர் விட்டு, அங்கிருந்துதான் சொம்பு நிரப்பினோம். பம்பைக்காரர் முகத்தைப் பார்த்தேன். "நீரு எங்க இருந்தாலும் நீருதாம்மா" என்று சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தார். ஒரு விஷயம்: இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அசோசியேஷன்காரர்களுக்கு அது மனப்பாடம். சாயங்காலம் ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சொம்பை வீட்டின் தென்மேற்கு மூலையில், கன்னிமூலையில், நெல்லோ அரிசியோ பரப்பி வைக்க வேண்டும். பக்கத்தில் மடித்த புடவை, மேலே பூ, வளையல். முன்னால் தலைவாழை இலை. அவள் சாப்பிட்டதையே போடுங்கள்; சாமிக்கென்று சர்க்கரைப் பொங்கலாகக் குவிக்க வேண்டியதில்லை. கற்பூரம் காட்டி, வீட்டில் நடக்கப்போகும் விசேஷத்தைப் பெயர் சொல்லித் தெரிவித்து, கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கூச்சப்படுவாள் என்பார்கள். மேல்நாட்டுப் பேகன் வழிக்காரர்களும் அக்டோபர் 31 இரவில் செத்தவர்களுக்குத் தட்டு வைத்து, பேசாமல் சாப்பிடுகிறார்கள்.

இரண்டாம் வகையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கன்னிமார், முனீஸ்வரன், எல்லையம்மன், இவர்களுக்கு இடம் உண்டு, அங்கேதான் மரியாதை. புது வண்டியைப் பல்லவன் சாலை பாடிகார்டு முனீஸ்வரனிடம் ஓட்டிப்போய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறோமே, அது இந்த முறைதான். முனிக்குச் சுருட்டு வைக்கலாம், வீட்டு அலமாரியில் முனி வைக்கக் கூடாது. கன்னிமாரை எப்படிக் கும்பிடுவது என்று பார்க்க வேண்டுமென்றால் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போங்கள். இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, புடவைகளைக் கட்டி மறைப்பு செய்து, மணலில் படி பிடித்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம்கூட அங்கேயே நடக்கும். முடிந்ததும் மணல் மணலோடு போய்விடும். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் செல்போனைப் பையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

மூன்றாம் வகைக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. நாதியற்றுப் போய் அலைகிறவர்களுக்கு மேல்மலையனூரிலும் மற்ற அங்காளம்மன் கோயில்களிலும் மாசியில் மயானக் கொள்ளை நடக்கிறது. சோறும் கொழுக்கட்டையும் சுடுகாட்டில் இறைக்கப்படும். ஊரே சேர்ந்து செய்கிற காரியத்தை நீங்கள் தனியாளாக நின்று செய்யாதீர்கள். வீட்டளவில் செய்யக்கூடியது அமாவாசையன்று காக்கைக்கு ஒரு பிடி சோறு, வெள்ளிக்கிழமை வாசலில் திருஷ்டி சுற்றிப் போடுவது. திருஷ்டிப் பூசணிக்காயை ரேடியல் ரோட்டின் நடுவில் உடைக்காதீர்கள். டூவீலர்காரன் சறுக்கி விழுந்தால் புதிதாக ஒரு ஆவியைச் சேர்த்தவர்கள் ஆவீர்கள்.

இங்கேயே இன்னொன்று. தூக்கமில்லை, காதில் குரல் கேட்கிறது, தனக்குத்தானே பேசுகிறார் என்றால், காத்து கருப்பு என்று கோடாங்கியிடம் இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டவர்கள் 28 பேர் தீயில் வெந்துபோனார்கள். மனநலம் குன்றியவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. படையலும் போடலாம், மாத்திரையும் சாப்பிடலாம். சின்னப் பாட்டி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். பல்லாயிரம் கேட்டு "கட்டு எடுக்கிறேன்" என்கிறவரிடம் மட்டும் பேச்சே வேண்டாம். பம்பைக்காரர் கூலி முன்கூட்டியே பேசி முடிக்கிற கூலி, பயம் ஏற ஏற அது ஏறாது.

முடிக்கும் முறை. மறுநாள் காலை சொம்புத் தண்ணீரை வேப்பமரத்தடியிலோ தொட்டிச் செடிக்கோ ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். இலைச் சோற்றை வீட்டார்தான் சாப்பிட வேண்டும். வளையலை வீட்டுப் பெண்கள் போட்டுக்கொள்ளலாம். புடவையை ஒரு கூடையில் வைத்து மூடி, அடுத்த வருடம் புதுப் புடவை வந்ததும் பழையதை வீட்டு மகளோ மருமகளோ கட்டிக்கொள்வார்கள். போன ஆடியில் எனக்குக் கிடைத்தது மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். புதிதைக் கூடையில் வைக்கும்போது இரண்டு அந்துருண்டை போடப் போனேன். அத்தை கையைத் தட்டிவிட்டார்.

"அவங்களுக்கு இரைக்கும்டி. வேப்பிலை போடு."